மொரிமுரா இச்சிஸாயெமொன்: பீங்கானும் பெண்கல்வியும்

பெருநாளைக்கும் கலியாணத்துக்கும் மட்டும் அலுமாரியை விட்டு வெளியே வரும் பீங்கான்கள் நம்மில் பலர் வீடுகளில் உண்டு. ஓரத்தில் பொன்கோடு, நடுவில் சிறு பூங்கொத்து. கழுவும்போது உடைந்துவிடும் என்று பிள்ளைகள் கையில் கொடுக்க மாட்டார்கள். அவற்றில் ஒன்றைக் கவிழ்த்துப் பார்த்தால் நொரிடாக்கே என்ற பெயர் இருக்கக்கூடும். தெல்தெனியவிலிருந்து வத்தேகமை வழியாக மாத்தளைக்குப் போகிறவர்களுக்கு அந்தப் பெயர் புதிதல்ல. 1970களில் ஜப்பானியக் கூட்டு முயற்சியாக மாத்தளையில் தொடங்கப்பட்ட பீங்கான் தொழிற்சாலை அது. அந்தப் பகுதியில் கிடைக்கும் பெல்ஸ்பார் பீங்கான் செய்ய வேண்டிய கனிமம். மண் நமது, வேலை செய்யும் கைகள் நமது, பெயர் மட்டும் ஜப்பானுடையது.

அந்தப் பெயர் ஓர் ஆளின் பெயர் என்றே நம்மில் பலர் நினைத்திருப்போம். அது நகோயா நகரத்துக்கு அருகே இருந்த ஒரு சிற்றூரின் பெயர். அந்த ஊரில் தொழிற்சாலை எழுவதற்குக் காரணமாக இருந்தவர் மொரிமுரா இச்சிஸாயெமொன். நம் பக்கத்தில் அவரை அறிந்தவர் குறைவு. மாத்தளைப் பீங்கானை அன்றாடம் கையில் எடுக்கும் நாம் அவர் வாழ்க்கையைத் தெரிந்துகொள்ள வேண்டியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

அவர் 1839இல் எடோ நகரத்தில் பிறந்தார். எடோ என்பது இன்றைய டோக்கியோ. சிறுபிள்ளையில் அவருக்கு இச்சித்தாரோ என்று பெயர். இச்சிஸாயெமொன் என்பது குடும்பத்தின் தலைமகன் தலைமுறை தலைமுறையாக ஏற்றுக்கொள்ளும் பெயர். இவர் அந்தப் பெயரைத் தாங்கிய ஆறாமவர். குதிரைச் சேணமும் தோற்பைகளும் படைவீரர்களுக்கு வேண்டிய சாமான்களும் விற்கும் வியாபாரக் குடும்பம். பெரிய பணக்காரர்கள் அல்லர். பதின்மூன்று வயதளவில் ஒரு துணிக்கடையில் வேலை பழக விட்டார்கள். உடம்புக்கு ஒத்துவரவில்லை, வீட்டுக்குத் திரும்பினார். திரும்பிய கொஞ்ச நாளில், 1855இல், எடோவைப் பெரிய நிலநடுக்கம் குலுக்கியது. அதைத் தொடர்ந்து தீ. வீடும் கடையும் போயிற்று. பகலில் கூலிவேலை செய்தார். இரவில் தெருவோரத்தில் விரிப்புப் போட்டுப் புகையிலைப் பைகள் விற்றார். பிற்காலத்தில் கோமான் பட்டம் பெற்ற மனிதர் முதலில் கற்ற வியாபாரம் இந்த நடைபாதை வியாபாரம்தான்.

அந்தக் காலத்து ஜப்பான் இரு நூற்றாண்டுகளுக்கு மேலாக வெளியுலகுக்குக் கதவடைத்திருந்த நாடு. ஐரோப்பியரில் ஒல்லாந்தருக்கு மட்டும் நாகசாக்கியில் ஒரு சிறு தீவில் இடம் விட்டிருந்தார்கள். காலியையும் கொழும்பையும் ஆண்ட அதே ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனிதான் 1650கள் தொடக்கம் ஜப்பானின் அரித்தா என்ற ஊரில் வண்ணம் தீட்டிய பீங்கான்களை வாங்கி ஐரோப்பாவுக்குக் கப்பலேற்றியது. ஆகவே ஜப்பானியப் பூப்பீங்கான் கடல் கடந்து போவது மொரிமுராவோடு தொடங்கிய சங்கதி அல்ல. முன்பு ஒல்லாந்தர் வாங்கினார்கள், ஒல்லாந்தர் விற்றார்கள், இலாபமும் அவர்களுக்கே. ஜப்பானியன் தானே கடல் கடந்து போய், அந்நியன் ஊரில் கடை போட்டு, தன் பெயரில் விற்பது என்பதுதான் மொரிமுராவின் காலத்தில் வந்த புதுமை.

1859இல் யொக்கோஹாமாத் துறைமுகம் அமெரிக்கருக்கும் ஐரோப்பியருக்கும் திறக்கப்பட்டது. இளைஞரான மொரிமுரா எடோவுக்கும் யொக்கோஹாமாவுக்கும் இடையே நடையாய் நடந்தார். வெள்ளைக்காரர் கொண்டுவந்த துணிமணி, பாத்திரம், கடிகாரம் முதலியவற்றை வாங்கி வந்து எடோவின் பிரபுக்கள் வீடுகளில் விற்றார். அங்கேதான் அவர் மனத்தை வாழ்நாள் முழுவதும் விடாத ஒன்றைக் கண்டார்.

அது என்னவென்று விளங்கக் கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும். உலகச் சந்தையில் ஒரு பங்கு பொன்னுக்கு ஏறத்தாழ பதினைந்து பங்கு வெள்ளி கொடுக்க வேண்டும். வெளித்தொடர்பு இல்லாதிருந்த ஜப்பானில் ஐந்து பங்கு வெள்ளியே போதும். துறைமுகம் திறந்ததும் அந்நிய வியாபாரிகள் பெட்டி பெட்டியாக மெக்சிக்கோ வெள்ளி நாணயங்களைக் கொண்டுவந்தார்கள். ஜப்பானியப் பொற்காசுகளாக மாற்றினார்கள். ஊருக்குக் கொண்டுபோய் மூன்று மடங்காக்கினார்கள். ஒரு சாமானும் செய்யாமல், ஒரு சாமானும் விற்காமல் வந்த இலாபம். 1860இல் அரசாங்கம் அமெரிக்காவுக்கு முதல் தூதுக்குழுவை அனுப்பியபோது, செலவுக்கு வேண்டிய வெளிநாட்டு நாணயத்தை மாற்றிக் கொடுக்கும் வேலை மொரிமுரா கையில் வந்தது. நல்ல பொன்னைத் தன் கையாலேயே எண்ணிக் கொடுத்து, தரங்குறைந்த வெள்ளியை எண்ணி வாங்கினார். இருபது இருபத்தொரு வயதுப் பையனுக்கு அது நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது.

யாரிடம் கேட்பது? ஃபுக்குசாவா யுக்கிச்சி என்ற அறிஞரிடம் போனார். கெயியோ என்ற கல்விக்கூடத்தைத் தொடங்கியவர். அந்தத் தூதுக்குழுவோடு அமெரிக்கா போய் வந்தவர். பின்னாளில் அவர் முகத்தை ஜப்பான் தன் நாணயத்தாளில் அச்சிட்டது. போன பொன்னைத் திரும்பக் கொண்டுவர ஒரே வழி, வெளிநாட்டான் விரும்பும் பொருளைச் செய்து அவனிடம் விற்பதுதான் என்பது ஃபுக்குசாவா காட்டிய வழி. இன்று பொருளியல் பாடத்தில் ஏற்றுமதி என்று ஒரு வரியில் படித்துவிட்டுப் போகிறோம். அன்று அப்படி எண்ணிப் பார்த்த ஜப்பானிய வியாபாரிகள் மிகச் சிலர்.

எண்ணம் 1860இல் வந்தது, செயல் 1876இல்தான். இடையே பதினாறு ஆண்டுகள். 1868இல் ஆட்சி மாறிய போரின்போது படைகளுக்குச் சேணங்களும் உடைகளும் கொடுத்துப் பணம் சேர்த்தார். புதிய அரசாங்கத்தின் இராணுவத்துக்கும் விநியோகம் தொடர்ந்தது. நல்ல வருமானம். ஒரு நாள் பொறுப்பதிகாரி இலஞ்சம் எதிர்பார்த்தபோது மொரிமுரா அந்த வியாபாரத்தையே விட்டுவிட்டு வெளியே வந்தார். அதன்பின் அரசாங்கத்தோடு கொள்வினை வைப்பதில்லை என்று முடிவெடுத்தார். சுரங்கம் தோண்டினார், உப்பு விளைவித்தார். கைவைத்த தொழிலெல்லாம் நட்டம். சேர்த்த பணத்தில் பெரும்பகுதி கரைந்தது. மனிதர் பிடிவாதக்காரர் என்பதற்கு இந்த ஆண்டுகளே சாட்சி. இலஞ்சத்தை ஒருமுறை கொடுத்துவிட்டுப் போயிருந்தால் சுகமாக இருந்திருப்பார் என்று அக்கம்பக்கத்தில் பேசியிருக்க மாட்டார்களா என்ன!

அவருக்குப் பதினைந்து வயது இளைய தம்பி ஒருவர் இருந்தார், பெயர் டொயோ. தம்பியை ஃபுக்குசாவாவின் கெயியோவில் படிக்க வைத்தார். ஆங்கிலமும் கணக்கும் படித்த தம்பியை 1876 மார்ச் மாதம் அமெரிக்காவுக்குக் கப்பலேற்றினார். டொயோவுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அதே நேரம் டோக்கியோவின் கின்ஸா தெருவில் மொரிமுரா கும்பினி தொடங்கியது. நானா டோக்கியோவில் சாமான் தேடுவார், தம்பி நியூயோர்க்கில் விற்பார். ஏற்பாடு இவ்வளவுதான். கண்டியிலும் கொழும்பிலும் நம்மவர் குடும்பங்களில் பல கடைகள் இப்படித்தான் ஆரம்பித்தன. ஆனால் இங்கே இரண்டு கடைகளுக்கும் இடையே ஒரு சமுத்திரமும் ஒரு கண்டமும் கிடந்தன. ஒரு கடிதம் போய்ப் பதில் வர மாதங்கள் ஆகும்.

டொயோ அங்கே சில மாதம் வணிகக் கல்லூரியில் படித்துவிட்டு, நியூயோர்க் ஆறாம் அவெனியூவில் கடை திறந்தார். விசிறி, காகித விளக்கு, வெண்கலப் பாத்திரம், அரக்குப் பெட்டி, பொம்மை, பூச்சாடி என்று நானா பழைய சாமான் கடைகளில் பொறுக்கி அனுப்பியதெல்லாம் விற்றது. 1878இல் மொரிமுரா சகோதரர் என்ற பெயர்ப்பலகை ஏறியது. மெதுவாக ஒன்று புரிந்தது. விசிறியும் பொம்மையும் புதினத்துக்காக வாங்கப்படுபவை. ஒருமுறை வாங்கியவர் மறுமுறை வாங்குவதில்லை. பீங்கான் அப்படியல்ல. உடைகிறது, மறுபடியும் வேண்டும். விருந்தாளி வந்தால் வேண்டும், மகளுக்குக் கலியாணம் என்றால் வேண்டும். 1880களில் சில்லறைக் கடையை விட்டு மொத்த வியாபாரத்துக்கு மாறினார்கள். பீங்கானே முதன்மைச் சரக்காயிற்று.

இந்த இடத்தில் ஒகுரா மகோபெய் என்ற கூட்டாளியைச் சொல்லாமல் போக முடியாது. அவர் டோக்கியோவில் வண்ண மரஅச்சுப் படங்கள் வெளியிட்டு விற்றவர். எந்த நிறம் எந்த நிறத்தோடு சேரும் என்று அறிந்த கண் அவருடையது. மொரிமுரா பணத்தையும் நாணயத்தையும் கொண்டுவந்தார் என்றால் மகோபெய் கண்ணைக் கொண்டுவந்தார்.

பீங்கானில் வண்ணம் எப்படி ஏறுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வெண்களி, பெல்ஸ்பார், படிகக்கல் ஆகியவற்றை அரைத்துச் செய்த பாத்திரத்தை மெருகு பூசி ஏறத்தாழ 1300 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சுடுவார்கள். அந்தச் சூட்டில் பெரும்பாலான நிறங்கள் எரிந்து கெட்டுப்போகும். கோபால்ட் நீலம் போன்ற சிலவே தாங்கும். நம் பாட்டிமார் வீடுகளில் நீலமும் வெள்ளையுமான பீங்கான் அதிகம் இருந்ததற்குக் காரணம் இதுவே. சிவப்பும் பச்சையும் மஞ்சளும் வேண்டுமானால் வேறு வழி. பாத்திரம் சுட்டு ஆறிய பிறகு, பளபளக்கும் மெருகின் மேலேயே, பொடித்த கண்ணாடியோடு உலோகச் சாயம் கலந்த எனாமலால் ஓவியம் தீட்ட வேண்டும். இரும்பு சிவப்பைத் தரும், செம்பு பச்சையைத் தரும், மங்கனீசு ஊதாவைத் தரும். பிறகு 700, 800 பாகைச் சிறு சூளையில் மறுபடியும் சுட வேண்டும். எனாமல் உருகி மெருகோடு ஒட்டிக்கொள்ளும். பொன் பூசுவதென்றால் இன்னும் குறைந்த சூட்டில் இன்னொரு முறை. விரலால் தடவிப் பார்த்தால் பூவிதழ் சற்று மேடாகத் தெரியும். அந்த மேடுதான் எனாமல்.

ஜப்பானியர் இந்த வித்தையை 1640கள் அளவில் அரித்தாவில் கற்றார்கள். கக்கியெமொன் என்ற குடும்பத்தின் பெயர் அதோடு சேர்ந்தே வரும். பால்வெள்ளை உடலில் பெரும்பகுதியை வெறுமையாக விட்டு, ஓரமாக ஒரு கிளை, ஒரு காடை, இரண்டு பூ மட்டும் தீட்டுவது அவர்கள் பாணி.

மொரிமுரா கும்பினி தானாக மண் பிசையவில்லை. செத்தோ என்ற ஊரில் செய்த வெறும் பாத்திரங்களை வாங்கி, டோக்கியோ, கியோத்தோ, நகோயா நகரங்களின் ஓவியர்களிடம் கொடுத்து எனாமல் தீட்டுவித்து அனுப்பியது. கைப்பிடி வைத்த கோப்பிக் கோப்பை செய்யச் செத்தோக் குயவர்களுக்குத் தெரியாது. ஜப்பானியர் தேநீர்க் கோப்பைக்குக் கைப்பிடி இல்லையே. மாதிரி கொடுத்துச் சொல்லிச் சொல்லிச் செய்வித்தார்கள். 1890களில் சிதறிக் கிடந்த ஓவியர்களை நகோயாவில் ஒரே இடத்தில் குடியமர்த்தினார்கள். செத்தோ அருகில் இருந்ததால் ஏற்றியிறக்கும்போது உடைவது குறைந்தது.

அதற்குள் இன்னொரு சோதனை வந்தது. 1889இல் பாரிஸ் கண்காட்சியில் ஐரோப்பியப் பீங்கானின் தூய வெண்மை அவர்கள் கண்ணைப் பறித்தது. 1893இல் சிக்காகோ கண்காட்சியில் நிலைமை இன்னும் தெளிவாயிற்று. அமெரிக்க இல்லத்தரசிகள் ஜப்பானியச் சித்திரத்தை அழகு என்று பாராட்டுவார்கள், சாப்பாட்டு மேசைக்கு மட்டும் ஐரோப்பியப் பூ போட்டதை வாங்குவார்கள். மகோபெய் ஊர் திரும்பி ஓவியர்களைக் கூட்டி, இனி மேற்கத்திய முறையில் வரைய வேண்டும் என்றார். பரம்பரை பரம்பரையாக வரைந்தவர்கள் மறுத்தார்கள். பலர் மனம் புண்பட்டார்கள். கொஞ்சம் கொஞ்சமாக, கெஞ்சியும் வற்புறுத்தியும் மாற்றினார்கள். 1895இல் நியூயோர்க்கிலேயே ஒரு சித்திரப் பிரிவை அமைத்து, அங்கே நீர்வண்ணத்தில் தீட்டிய மாதிரிகளை நகோயாவுக்கு அனுப்பினார்கள். ரோஜாவும் ஏரிக்கரையும் அன்னமும் ஜப்பானியத் தூரிகையில் வரத் தொடங்கின. ஏற்றுமதி பெருகியது.

இதை மொரிமுராவின் வெற்றி என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். எனக்கு மனம் முழுதாக ஒப்பவில்லை. வாங்குகிறவன் கேட்டதைச் செய்வது வியாபாரம்தான். ஆனால் காடையும் பிளம் கிளையும் வரைந்த கை ரோஜா வரையக் கற்றபோது ஒரு தலைமுறை ஓவியர்களின் சொந்தக் கை மறந்துபோனது. பொன்னைத் திரும்பக் கொண்டுவரப் போனவர்கள் வேறொன்றை விலையாகக் கொடுத்தார்கள். பழைய பாணியை முற்றாக அழியாமல் காத்தவர்கள் அரித்தா போன்ற ஊர்களின் சிறு பட்டறைக்காரர்கள். கக்கியெமொன் குடும்பத்தின் பன்னிரண்டாம், பதின்மூன்றாம் தலைமுறையினர் தந்தையும் மகனுமாகச் சேர்ந்து, வழக்கொழிந்துபோன அந்தப் பால்வெள்ளை உடலை 1953இல் மீண்டும் செய்து காட்டினார்கள். 1955இல் தொமிமொத்தோ கென்கிச்சி என்ற கலைஞரை, எனாமல் தீட்டிய பீங்கானுக்காகவே, ஜப்பான் அரசாங்கம் வாழும் தேசியச் செல்வங்களில் ஒருவராக அறிவித்தது. பெரிய தொழிற்சாலை போன வழி வேறு, இவர்கள் வழி வேறு. ஜப்பானுக்கு இரண்டும் வேண்டியிருந்தது போலும்.

1899ஆம் ஆண்டு மொரிமுராவுக்கு அறுபது வயது. அந்த ஓர் ஆண்டுக்குள் மூத்த மகன் அக்கிரொக்கு இறந்தார். நியூயோர்க் கடையைத் தோளில் சுமந்த தம்பி டொயோவும் இறந்தார். டொயோவுக்கு நாற்பத்தைந்து வயதுதான். இருபத்துமூன்று ஆண்டுகளாகச் சமுத்திரத்தின் இரு கரையிலும் நின்று ஒரே கடையை நடத்திய சகோதரரில் ஒருவர் போய்விட்டார். யாருக்காகச் சேர்ப்பது என்ற கேள்வி எந்தத் தகப்பனுக்கும் அந்த நேரத்தில் வரும்.

அவர் செய்தது இது. 1901இல் இருவர் நினைவாகவும் ஒரு தருமநிதி ஏற்படுத்தினார். தம்பி பெயரை எழுதும் சித்திர எழுத்தை 'ஹோ' என்றும் வாசிக்கலாம். மகன் பெயரின் முதல் எழுத்தை 'மெய்' என்றும் வாசிக்கலாம். இரண்டையும் சேர்த்து ஹோமெய் சங்கம் என்று பெயர் வைத்தார். சமுத்திரத்தின் இரு கரையிலும் பிரிந்து வாழ்ந்த குடும்பம், எழுத்திலாவது இருவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டது.

அந்த நிதி எங்கே போயிற்று என்பதுதான் முன்பு நான் சொல்லாமல் வைத்த காரணம். அதே 1901 ஏப்ரலில் நருசே ஜின்ஸோ என்ற கல்வியாளர் டோக்கியோவில் ஜப்பான் மகளிர் பல்கலைக்கழகத்தைத் திறந்தார். பெண் பிள்ளை உயர்கல்வி கற்றால் குடும்பத்துக்கு உதவாமல் போய்விடுவாள், கலியாணம் தள்ளிப்போகும் என்றெல்லாம் அங்கேயும் அப்போது பேசினார்கள். அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் பெண்களுக்கு இடமில்லை. நருசே வீடு வீடாக, அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கி நன்கொடை திரட்டினார். எதிர்ப்பை மீறி, இணைந்த உயர்நிலைப் பள்ளியையும் சேர்த்து, முதல் ஆண்டிலேயே 500க்கு மேற்பட்ட மாணவியர் வந்தார்கள். பள்ளிக்கூடம் திறந்தாகிவிட்டது, ஆனால் கட்டடமும் புத்தகமும் எங்கிருந்து வரும்?

மொரிமுரா அந்தப் பல்கலைக்கழகத்தின் பெரிய புரவலராக நின்றார். ஹோமெய் நிதியிலிருந்து 1906இல் நூலகமும் மண்டபமும் சேர்ந்த கட்டடம் எழுந்தது. அதே ஆண்டு பல்கலைக்கழகத்தோடு இணைந்து ஹோமெய் என்ற பெயரிலேயே பாலர் பள்ளியும் ஆரம்பப் பள்ளியும் தொடங்கின. சிறு பிள்ளையாக உள்ளே போகும் மகள் பட்டதாரியாக வெளியே வரலாம் என்ற ஏற்பாடு. நியூயோர்க்கில் ஒரு பெண் கோப்பை வாங்கிய காசு டோக்கியோவில் இன்னொரு பெண்ணுக்குப் புத்தகமாயிற்று. 1910இல் தம் வீட்டுத் தோட்டத்திலேயே மொரிமுரா ஒரு பாலர் பள்ளியும் ஆரம்பப் பள்ளியும் திறந்தார். அந்தப் பள்ளி இடம் மாறி இன்றும் அவர் பெயரில் நடக்கிறது. பெண்கல்விக்கு மட்டுமே கொடுத்தார் என்றும் சொல்ல முடியாது. ஜெர்மனியில் நோய்க்கிருமி ஆராய்ச்சி செய்து உலகப் புகழோடு 1892இல் திரும்பிய கித்தாசாத்தோ ஷிபாசபுரோவுக்குச் சொந்த நாட்டில் ஆய்வுகூடம் இல்லை என்று தெரிந்ததும், ஃபுக்குசாவா நிலத்துக்கு வழி செய்தார். மொரிமுரா கருவிகளுக்குப் பணம் கொடுத்தார்.

தொழில் நிற்கவில்லை. செத்தோ மண்ணில் செய்த உடல் சாம்பல் நிறமாக இருக்கிறது, சாப்பாட்டுத் தொகுதிக்கு உதவாது என்று நியூயோர்க்கில் ஓயாமல் குறை சொன்னார்கள். பூ எவ்வளவு அழகாக இருந்தாலும் தரை அழுக்காகத் தெரிந்தால் எப்படி? மகோபெய்யின் மகன் கசுச்சிக்கா ஐரோப்பாவுக்குப் போய்த் தொழிலைக் கற்று வந்தார். 1904 சனவரி முதல் நாள் நொரிடாக்கே கிராமத்தில் புதிய கம்பனி பிறந்தது. கசுச்சிக்காவுக்கு இருபத்தெட்டு வயது, அவரே தலைவர். அறுபது வயதைக் கடந்த இரு முதியவர்கள் கைக்காசைப் போட்டுவிட்டு இளைஞனை ஆசனத்தில் இருத்தினார்கள்.

வெள்ளைக் கோப்பை வந்துவிட்டது. வராமல் அடம்பிடித்தது சாப்பாட்டுப் பீங்கான். விட்டம் 25 சென்ரிமீற்றர், அவ்வளவுதான். ஆனால் சூளையின் சூட்டில் பீங்கான் உடல் இளகும், சுருங்கும். கோப்பைக்குச் சுற்றுச்சுவர் இருக்கிறது, தாங்கிக்கொள்ளும். தட்டையான அகன்ற பீங்கானின் நடுப்பகுதியைத் தாங்க ஒன்றுமில்லை. தொய்ந்துவிடும், அல்லது வளைந்துவிடும். சாப்பாட்டுப் பீங்கான் இல்லாத சாப்பாட்டுத் தொகுதியை யார் வாங்குவார்? மண் கலவையை மாற்றினார்கள், சூட்டை மாற்றினார்கள், சூளையை மாற்றினார்கள். ஆண்டுக்கு ஆண்டு உடைத்துக் கொட்டினார்கள். 1913இல்தான் கோணாத பீங்கான் சூளையிலிருந்து வந்தது. 1914இல் சேடான் என்ற பெயரில் ஜப்பானின் முதல் முழுச் சாப்பாட்டுத் தொகுதி அமெரிக்காவுக்குப் போனது. அந்த ஆண்டே ஐரோப்பாவில் உலகப்போர் மூண்டது. ஜெர்மனியப் பீங்கான் வருவது தடைப்பட, நொரிடாக்கேக்கு வாசல் தானாகத் திறந்தது. பத்தாண்டு உழைப்புக்கு வந்த கூலி என்பதா, போரின் தயவு என்பதா? இரண்டும் உண்மை.

ஒரு தொழில் பல தொழில்களைப் பெற்றது. 1917இல் குளியலறைச் சாமான்களுக்கென்று தனிக் கம்பனி பிரிந்தது. இன்று கட்டடச் சாமான் கடைகளில் நாம் காணும் டோட்டோ அதுவே. 1919இல் மின்கம்பங்களில் மாட்டும் வெள்ளை மின்காப்பிகள் செய்ய இன்னொரு கம்பனி. மின்கம்பத்தின் உச்சியில் கவிழ்த்த கோப்பை போல் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மின்சாரத்தைக் கடத்தாத பொருள்களில் பீங்கானுக்கு நல்ல இடம் உண்டு. அதே 1919இல் ஒகுரா தந்தையும் மகனும் தமக்கென்று தனியாக ஒரு சிறு சூளையைத் தொடங்கினார்கள். இலாபத்தைப் பாராமல் அழகாகச் செய்வதே அதன் நோக்கம். ஓவியர்களை ரோஜா வரையச் சொன்ன அந்த மகோபெய்தான், முதுமையில் இதைச் செய்தார். அவர் மனத்திலும் ஏதோ உறுத்தியிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

மொரிமுராவுக்கு 1915இல் அரசாங்கம் கோமான் பட்டம் கொடுத்தது. இலஞ்சம் கேட்ட அதிகாரியால் அரசாங்க வியாபாரத்தை உதறியவரைத் தேடி அரசாங்கப் பட்டம் வந்தது. 1919 மார்ச்சில் நருசே இறந்தார். ஆறு மாதம் கழித்து, செப்டெம்பர் 11ஆம் திகதி, எண்பதாவது வயதில் மொரிமுராவும் போய்ச்சேர்ந்தார்.

நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1923இல், டோக்கியோவை மறுபடியும் பெரிய நிலநடுக்கம் குலுக்கியது. ஹோமெய் நிதியில் கட்டிய மண்டபத்தின் செங்கல் சுவர்கள் சிதைந்தன. உள்ளே இருந்த மரவேலை தப்பியது. சிதைந்த சுவரை நீக்கிவிட்டு மரத்தால் புறச்சுவர் எழுப்பினார்கள். இன்று அதற்கு நருசே நினைவு மண்டபம் என்று பெயர். பல்கலைக்கழகத்தின் வைபவங்கள் இன்றும் அதற்குள்தான் நடக்கின்றன.